சிலிங்குக்குள் ஏறுகிறவனுக்கு எந்த டார்ச்?

செந்தூலில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு பழைய தெரஸ் வீடு. மத்தியானம் 2 மணி. சிலிங் பலகை ஒன்றைக் கழற்றிவிட்டு, உத்திரத்தில் வயிறு பட உள்ளே படுத்திருக்கிறேன். முதுகுக்கு மேல் ஒரு சாண் தள்ளி ஓடு, அதன் சூடு சட்டைக்குள் இறங்குகிறது. இடது கை ஜங்ஷன் பாக்ஸைப் பிடித்திருக்கிறது, வலது கையில் டெஸ்ட் பென், டார்ச் வாயில். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, "அண்ணே, மெயின் ஆஃப்தானே? இன்னொரு தடவை போய்ப் பார்க்கவா?" என்றான். வாயில் டார்ச்சை வைத்துக்கொண்டு "ஆ" என்பதைத் தவிர எதைச் சொல்ல முடியும்? போய்ப் பார் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். ஆஃப்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

டெஸ்ட் பென்னின் விளக்கு எரிந்தது, வயரில் கரண்ட் இருந்தது. கை இன்னும் செம்பில் படவில்லை, அதனால் இதை எழுத முடிகிறது. டார்ச்சை வாயில் கவ்வும் வேலையை அன்றோடு விட்டேன். பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன. வயரிங்கும் ஏர்கோன் என்கிற ஏசி வேலையும்தான் என் பிழைப்பு. கோலாலம்பூரில் தெரஸ் வீட்டு சிலிங், கோன்டோவில் மாடிக்கு மாடி வயரும் குழாயும் ஏறுகிற ரைசர் அறை, பழைய கடைவீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து என்று பகலிலேயே இருட்டில் கிடக்கிற வேலை. இந்த வருடங்களில் கிட்டத்தட்ட எல்லா வகை டார்ச்சும் என் பையில் இருந்திருக்கிறது. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எதை வாங்குவது என்று கேட்கும்போதெல்லாம் ஏணியில் நின்றபடி அரைகுறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே உட்கார்ந்து முழுதாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போனால் முதல் பேச்சே லூமன்தான். ஆயிரம் லூமன், மூவாயிரம் லூமன், பெட்டியில் ஒரு லட்சம் என்று அடித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் வெளிச்சத்தின் மொத்தக் கணக்கு. அந்த வெளிச்சம் ஒரே புள்ளியில் குவிகிறதா, அகலமாகப் பரவுகிறதா என்பது அதில் தெரியாது. குறுகலான இடத்தில் நம் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது விஷயம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். பெட்டியில் "பாயும் தூரம் 200 மீட்டர்" என்று இருந்தால், அந்தத் தூரத்தில் அது தரும் வெளிச்சம் கால் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), அதாவது முழுநிலவு வெளிச்சம். அளவுகோலே அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக நடுப்புள்ளியில் 10,000 கேண்டெலா வேண்டும், கேண்டெலா என்பது ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்ற கணக்கு. அதே டார்ச்சைச் சிலிங்குக்குள் அரை மீட்டர் தள்ளியிருக்கும் டெர்மினலில் அடித்தால் கணக்குப்படி 40,000 லக்ஸ் வரும். வெயிலில் வெள்ளைத் தாளை விரித்துப் பார்ப்பது மாதிரி கண் கூசும். புள்ளிக்கு வெளியே எல்லாம் கறுப்பாகிவிடும். கண்ணை எடுத்து வேறு பக்கம் பார்த்தால் சில விநாடிகளுக்கு எதுவும் தெரியாது. அந்தச் சில விநாடிகளில்தான் முழங்கை ஆணியில் குத்தும்.

இப்போது 300 லூமன் மட்டும் தரும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது 120 பாகை அகலத்துக்கு ஒரே சீராக வெளிச்சத்தைப் பரப்புகிறது. அரை மீட்டரில் சுமார் 380 லக்ஸ். நல்ல ஆபீஸ் மேசையில் இருக்கிற வெளிச்சம் ஏறக்குறைய இவ்வளவுதான். பாக்ஸும் தெரியும், பக்கத்து உத்திரமும் தெரியும், கால் வைக்கப் போகிற இடமும் தெரியும். கை எட்டும் தூரத்து வேலைக்கு 100 முதல் 300 லூமன் போதும், அது அகலமாகப் பரவ வேண்டும் என்பதுதான் என் முடிவு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெட்டியில் போட்டிருக்கும் நேரக்கணக்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எஃப்எல்1 என்று ஒரு அமெரிக்க அளவுகோல் 2009-ல் வந்தது, நல்ல கம்பெனிகள் அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி லூமனை அளப்பது டார்ச்சைப் போட்டு 30 விநாடிக்குப் பிறகு. எரியும் நேரத்தைக் கணக்கிடுவதோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும். ஆக "1000 லூமன், 5 மணி நேரம்" என்றால் ஐந்து மணி நேரமும் ஆயிரம் என்று அர்த்தமில்லை. மூன்று நிமிடம் ஆயிரம் எரிந்துவிட்டு, சூடு ஏறியதும் முன்னூறுக்கு இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தாலும் அந்த எழுத்து சரிதான். ஏமாற்று இல்லை, ஆனால் தெரியாதவனுக்கு ஏமாற்றம். அட்டவணையில் நடு மோடு எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். நாம் வேலை செய்வது அந்த நடு மோடில்தான்.

அடுத்து நிறம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசாமல் இருக்க மாட்டேன்.

வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடி. மேலே மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பார்கள், நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்தக் கலவையில் சிவப்பு குறைவு. நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு அளவு உண்டு, உச்சம் 100. மலிவு டார்ச்சுகளில் 70 பக்கம் இருக்கும். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அதிலும் ஆர்9 என்று ஆழ்ந்த சிவப்புக்குத் தனி எண் இருக்கிறது. பொதுவான சிஆர்ஐ கணக்கில் அது சேராது, அதனால் நல்ல கம்பெனிகள் தனியாகப் போடுவார்கள்.

எலெக்ட்ரிக்காரனுக்கு இது ஆடம்பரம் இல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அதே பாக்ஸுக்குள் யாரோ இடையில் வந்து கனெக்ஷன் எடுத்திருப்பார், அது பிரவுனும் நீலமுமாக இருக்கும். முப்பது வருடத் தூசியும் சூடும் பட்ட சிவப்பு வயரை நீலம் பாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். அது பிரவுனா, சிவப்பா, அழுக்கான கறுப்பா? கெப்போங்கில் ஒரு வீட்டில் மலிவு டார்ச் ஒன்றையும் நல்ல சிஆர்ஐ டார்ச் ஒன்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். முதல் டார்ச்சில் மூன்று வயரும் ஒரே சேற்று நிறம். நல்ல சிஆர்ஐ உள்ளதை அடித்ததும் சிவப்பு சிவப்பாக எழுந்து நின்றது, பக்கத்து வயரின் உறை சூட்டில் லேசாகப் பழுத்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு இது மாற்று இல்லை, எந்த வெளிச்சத்திலும் மீட்டர் வைத்துத்தான் தொட வேண்டும். ஆனால் எங்கே மீட்டர் வைக்க வேண்டும் என்பதைக் கண்தான் காட்டுகிறது.

ஏர்கோன் வேலைக்கும் அப்படியே. செம்புக் குழாயை இணைக்கிற ஃப்ளேர் நட்டில் கேஸ் கசிந்தால் அதைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதில் தூசி ஒட்டியிருக்கும். வெளுத்த நீல வெளிச்சத்தில் அது நிழல் மாதிரிதான் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருக்கும் வெளிச்சத்தில் அந்தப் பிசுக்கின் பளபளப்பும், செம்புக் குழாயில் பிடித்திருக்கும் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் நான் திருப்பி வைத்துவிடுவேன். நல்ல சிஆர்ஐ எல்இடியில் வெளிச்சம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். குறையட்டும்.

சரி, இனி ஒவ்வொரு வகையாக.

கைப்பேசி டார்ச்சை ஒரு வகையாகவே நான் சேர்க்க மாட்டேன். வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸ் கதவைத் திறந்து எந்த சுவிட்ச் விழுந்திருக்கிறது என்று பார்க்க வீட்டுக்காரருக்கு அது போதும். வேலைக்காரனுக்கு அது ஒரு கையைத் தின்றுவிடும், வியர்த்த கையிலிருந்து வழுக்கும், இரண்டு சிலிங் பலகைக்கு நடுவே விழுந்தால் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) போச்சு.

பேனா டார்ச் நல்ல சாமான். இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி, சட்டைப்பையில் பேனா மாதிரி கிடக்கும், விரல் நுழையாத இடத்திலும் அதன் தலை நுழையும். ஏர்கோன் யூனிட்டின் கவருக்குள் மாடல் எண் படிக்க, சர்க்யூட் பலகையான பிசிபி-யில் கருகிய புள்ளி தேட இதைவிடச் சரியானது இல்லை. ஆனால் இதைத்தான் எல்லோரும் வாயில் கவ்வுகிறோம். பேட்டரியின் சக்தியும் கொஞ்சம்தான். ரீசார்ஜ் டிரிபிள் ஏ இரண்டும் சேர்ந்து 2 வாட்-மணி பக்கம்தான் தேறும், 18650 என்கிற பெரிய ரீசார்ஜ் லித்தியம் பேட்டரி நல்லதாக இருந்தால் ஒன்றே 12-ஐத் தாண்டும். ஒரு நாள் முழுக்க ஓடாது. இரண்டாவது டார்ச்சாக வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதாக வேண்டாம்.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தொங்குகிற ஜூம் டார்ச். புதன் இரவு தாமான் கொன்னாட் பக்கம் போனால் மின்விசிறிக்கும் கைப்பேசி உறைக்கும் நடுவில் கொத்தாகத் தொங்கும். தலையை இழுத்தால் வெளிச்சம் சதுரமாகக் குவியும், தள்ளினால் வட்டமாக விரியும். என் முதல் டார்ச் இதுதான், பத்து வெள்ளிக்கு வாங்கினேன். தள்ளி விரித்து வைத்தால் பக்கத்து வேலைக்கு மோசமில்லை என்று முதலில் தோன்றியது. பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. ஒரு தடவை அமுக்கினால் பெரிய வெளிச்சம், அடுத்து சின்னது, அடுத்து மின்னல் வெட்டுகிற மாதிரி பட்பட்டென்று அடிக்கும். சிலிங்குக்குள் வெளிச்சத்தைக் குறைக்க நினைத்து அமுக்கியபோது அது கண்ணெதிரே வெட்ட ஆரம்பித்தது. உத்திரத்தில் முழங்கால் வைத்து நிற்கிறவனுக்கு அது எவ்வளவு பயங்கரம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். இழுக்கிற தலை வழியாகத் தூசியும் தண்ணீரும் தாராளமாக உள்ளே போகும். மூன்று பேட்டரி போடுகிற பிளாஸ்டிக் கூடு ஒன்று உள்ளே இருக்கும், கீழே ஒரு தடவை விழுந்தால் அதன் ஸ்பிரிங் வளைந்து, பிறகு தட்டித் தட்டித்தான் எரியவைக்க வேண்டும். தட்டி எரிகிற டார்ச்சோடு இருட்டுக்குள் போகாதீர்கள்.

மோடு விஷயத்தைச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போட்டவுடன் சின்ன வெளிச்சத்தில் தொடங்கிப் பெரியதுக்குப் போகிற டார்ச், அல்லது கடைசியாக விட்ட அளவை நினைவில் வைக்கிற டார்ச், இந்த இரண்டில் ஒன்று வேண்டும். வெட்டுகிற மோடு இருந்தாலும் அது தனியாக மூன்று தடவை தட்டினால்தான் வர வேண்டும். கையுறையோடு அமுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சிஓபி வேலை விளக்கு என்று நீள்சதுரமாக ஒன்று விற்கிறார்கள். மஞ்சள் வில்லை மாதிரி ஒரு பட்டையில் எல்இடி முழுக்கப் பரவியிருக்கும், பின்னால் காந்தமும் கொக்கியும். வெளிச்சம் மிருதுவாக, நிழல் அதிகம் விழாமல் வரும். கார் பட்டறையில் பானெட்டைத் திறந்து மாட்டிவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது தெய்வம். சிங்க் அடியில், படிக்கட்டுக்குக் கீழே, ரைசர் அறையில் நானும் மாட்டுகிறேன். ஆனால் எதிரே வைத்தால் நம் கண்ணிலேயே அடிக்கும், பின்னால் வைத்தால் நம் தலையே மறைக்கும். பக்கவாட்டில் வைக்க இடம் வேண்டும், சிலிங்கில் அந்த இடம் கிடைப்பதில்லை. நகர நகர அதையும் எடுத்து எடுத்து மாட்டிக்கொண்டே போக வேண்டும். ஏற்கனவே டிரில்லுக்கு 18 வோல்ட் பேட்டரி வைத்திருக்கிறவர்கள் அதே பேட்டரியில் ஓடும் விளக்கை மட்டும் வாங்கினால் போதும், ஒரு நாள் முழுக்க எரியும். அதன் பருமன்தான் பிரச்சினை.

தலை விளக்குக்கு வருகிறேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் நிரைக்கு, அதாவது தன் மரவரிசைக்கு, போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொள்வார்கள். கார்பைட் கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசெட்டிலின் வாயு வரும், அது எரிகிற வெளிச்சத்தில் மரத்தின் பட்டையைச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்படும், கங்காணி ஏசுவார். ஒரு கையில் விளக்கைப் பிடித்தால் அந்த வேலை ஓடாது. பார்வை எங்கே போகிறதோ அங்கே வெளிச்சம், இரண்டு கையும் மரத்துக்கு. இவ்வளவு தெளிவான பதில் என் வீட்டிலேயே இருந்தும் நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பல வருடம் அலைந்திருக்கிறேன்.

சாதாரணத் தலை விளக்கில் மூன்று டிரிபிள் ஏ போடுகிற வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும். லேசானது, விலை குறைவு. வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும். வேலைக்கு இரண்டு குறை. ஒன்று, பெரும்பாலானவற்றில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் வெளிச்சமாக இருக்கும், அந்த வட்டம் தலை ஆட ஆட ஆடும். இரண்டு, அதைத் தலையிலிருந்து எடுத்தால் வேறு எங்கும் வைக்க முடியாது, உருண்டு போகும். ஓடு தாழ்வாக இருக்கும் இடத்தில் தலையைத் தூக்கவே முடியாதபோது நெற்றியில் இருப்பதே இடைஞ்சல்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு நான் வந்து நின்ற இடம் மடங்கின தலை டார்ச். ஆங்கில எழுத்து எல்-ஐக் கவிழ்த்த மாதிரி இருக்கும், உடல் நேராக நிற்கும், வெளிச்சம் பக்கவாட்டில் வரும். இது புதுச் சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் டிஎல்-122 என்ற இந்த வடிவத்து டார்ச்சைத்தான் பெல்ட்டில் செருகிக்கொண்டு நடந்தார்கள். இன்றைக்கு வருவது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது, உள்ளே ஒரே ஒரு 18650. தலைப்பட்டையில் செருகினால் தலை விளக்கு. உருவினால் கை டார்ச். கிளிப்பை சட்டைப்பையில் மாட்டினால் நெஞ்சு விளக்கு, இது நான் எதிர்பார்க்காத பெரிய சுகம். நெற்றியில் இல்லாததால் தம்பியோடு பேசத் திரும்பினால் அவன் கண்ணில் அடிக்காது. செங்குத்தாக நிறுத்தினால் முன்னால் வெளிச்சம். அடிப்பாகத்தில் காந்தம், ஜிப்சம் சிலிங்கைத் தாங்குகிற ஜிஐ இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

காந்தம் என்றதும் எல்லா இடத்திலும் ஒட்டும் என்று நினைக்கக் கூடாது. அலுமினிய ஏணியில் ஒட்டாது. பழைய வீட்டு மர உத்திரத்தில் ஒட்டாது, அதற்கு நான் ஒரு இரும்பு வாஷரை சின்ன ஆணியால் அடித்து அதில் ஒட்டவைப்பேன். இரும்பைத் துளைத்த இடத்தில் வைத்தால் பொடி முழுக்கக் காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், மாஸ்கிங் டேப்பால் ஒற்றி எடுங்கள்.

இந்த வகையில் வுர்க்கோஸ் எச்டி15, சோஃபிர்ன் எஸ்பி40, விலை கூடினால் ஆர்மிடெக் விசார்ட் என்று பல இருக்கின்றன. ஒரே மாடலிலேயே எல்இடி மாறி வரும், அதனால் பெயரைவிட விவரத்தைப் படியுங்கள். 18650 கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா, டைப்-சி-யில் சார்ஜ் ஆகிறதா, 5000 கெல்வினும் 90 சிஆர்ஐ-யும் உள்ள எல்இடியா, அடியில் காந்தமா, தலைப்பட்டை கூடவே வருகிறதா. ஜூம் டார்ச்சைவிடப் பல மடங்கு விலைதான். நான் முதல் இரண்டு வருடத்தில் உடைத்துப்போட்ட மலிவு டார்ச்சுகளின் கூட்டுத் தொகை அதைவிட அதிகம்.

குறை இல்லையா? இருக்கிறது. முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்தால் அலுமினிய உடல் நெற்றிக்குப் பக்கத்தில் சுடும். பட்டையை வாரம் ஒரு தடவை துவைக்காவிட்டால் வியர்வை நாற்றம் தாங்காது. பைக்குள் தானாக எரிந்துவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு தடவை துணிப்பையில் எரிந்து, உள்ளே இருந்த டேப் சுருள் இளகிப் பிசினாகக் கிடந்தது. அடிமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பெரும்பாலான மாடல்களில் மின்சாரம் அறுந்துவிடும். பையில் போடுமுன் இது பழக்கமாக வேண்டும்.

பேட்டரியைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். என் பழைய டார்ச் ஒன்று மூன்று மாதம் வேனில் கிடந்தது. எடுத்தேன், எரியவில்லை. மூடியைத் திருகினேன், அசையவில்லை. துணி சுற்றி பிளையரால் திருப்பியபோது வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி உதிர்ந்தது. அல்கலைன் பேட்டரி ஒழுகியிருக்கிறது. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலை அரிக்கும், செம்பையும் விடாது. வினிகரில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், நுரைத்து நுரைத்து வந்தது, ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. அல்கலைனை டார்ச்சுக்குள் வைத்துவிட்டு மறப்பது நம் ஊர்ச் சூட்டுக்கு ஆகாது. டபுள் ஏ, டிரிபிள் ஏ டார்ச்சுக்கு ரீசார்ஜ் பேட்டரி போடுங்கள். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் மாதிரியான வகை சும்மா கிடந்தாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காது. 1.2 வோல்ட்தான் என்றாலும் இன்றைய எல்இடி டார்ச்சுகள் பெரும்பாலும் அதில் நன்றாகவே ஓடும்.

18650 என்ற பெயர் அளவைத்தான் சொல்கிறது: 18 மில்லிமீட்டர் குறுக்கு, 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல ஒன்றின் கொள்ளளவு 3500 எம்ஏஎச் பக்கம்தான் வரும். 9900 என்று அடித்திருந்தால் பொய், கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். நல்ல பேட்டரி 45 கிராமுக்குக் குறையாது, போலி லேசாக இருக்கும். புடுவில் ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடைகளில் நேரில் எடுத்துப் பார்த்து வாங்குவதை நான் விரும்புவது இதனால்தான். வாங்கியதைப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு வையுங்கள். சாவிக்கொத்தோடு கால்சட்டைப் பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தொடையைச் சுட்டுவிடும். வெயிலில் நிறுத்திய வேனின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாத சரக்கு இது, டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். சிலிங்கிலிருந்து இறங்கியதும் டார்ச் சுடச்சுட இருக்கும்போது சார்ஜில் போடுவதும் அப்படித்தான், அரை மணி ஆறட்டும். அடாப்டரில் மலேசியத் தர முத்திரையான சிரிம் இருக்க வேண்டும் என்பதை எலெக்ட்ரிக்காரனுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி உள்ளேயே பூட்டி வருகிற டார்ச்சுகள் இப்போது நிறைய. அழகாக இருக்கும். ஆனால் வேலை நடுவில் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், சில வருடத்தில் பேட்டரி சோர்ந்தால் முழு டார்ச்சும் குப்பை. கழற்றுகிற வகையில் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம்.

எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ் என்று ஒரு எண் உண்டு. ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஏர்கோன் கழுவுகிறவர்களுக்கு 7 இருக்கட்டும்.

இதுவரை சொன்னது சிலிங், அலமாரி, படிக்கட்டடி. மேன்ஹோல், கழிவுத்தொட்டி, மூடிய தண்ணீர் டாங்கி என்று போனால் பேச்சே வேறு. அங்கே டார்ச் கடைசிக் கேள்வி. மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புத் துறை 2010-ல் வெளியிட்ட அடைபட்ட இடங்களுக்கான நடைமுறை விதிகள் இருக்கின்றன. பயிற்சி எடுத்தவர் மட்டுமே இறங்க வேண்டும், வெளியே ஒருவர் காவல் நிற்க வேண்டும், இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தீப்பற்றும் வாயு, அது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்து சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். சாக்கடையில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், நாற்றம் போனதும் வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர்கள் திரும்புவதில்லை. மேலே நான் புகழ்ந்த டார்ச் எதுவும் அங்கே இறங்கக் கூடாது. தீப்பொறி எழாதபடி கட்டி, வெடிக்கும் வாயு உள்ள இடத்துக்கான இஎக்ஸ் முத்திரையும் எந்த ஆபத்து மண்டலத்துக்கு என்ற குறிப்பும் போட்ட டார்ச் மட்டும்தான், அதன் பேட்டரியையும் வெளியே வந்துதான் மாற்ற வேண்டும். முதலாளி "சும்மா அஞ்சு நிமிஷம்தான், உன் டார்ச்சிலேயே பார்த்துட்டு வா" என்று சொன்னால், தம்பிகளே, முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேலை வேறு கிடைக்கும்.

ஆக, வயரிங், ஏர்கோன், சிலிங், பிளம்பிங் வேலைக்கு வருகிறவர் ஒரே ஒரு டார்ச்தான் வாங்க முடியும் என்றால், 18650 போடுகிற மடங்கின தலை டார்ச். கையில் இன்னும் முப்பது வெள்ளி இருந்தால் அதற்கு இன்னொரு பேட்டரியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் பேனா டார்ச். கார் பட்டறையில் நிற்கிறவர் என்றால் சிஓபி விளக்கு முதலில், மடங்கின தலை இரண்டாவது. வீட்டில் கரண்ட் போனால் டிபி பாக்ஸ் வரைக்கும் போக மட்டும் வேண்டுமென்றால் ரீசார்ஜ் பேட்டரி போட்ட சாதாரணத் தலை விளக்கே ஏராளம், கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டிவையுங்கள். தூரம் பாய்கிற டார்ச் காவலாளிக்கும் காட்டுக்குள் போகிறவருக்கும்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி இப்போது சொந்தமாக வேலை எடுக்கிறான், லைசென்ஸும் வாங்கிவிட்டான். போன மாதம் ஜாலான் ஈப்போவில் ஒரு கோன்டோவில் இருவரும் சேர்ந்து வேலை பார்த்தோம். அவன் மேலே, நான் கீழே ஏணியைப் பிடித்தபடி. டார்ச் அவன் நெஞ்சுப் பையில் மாட்டியிருந்தது, வெளிச்சம் பாக்ஸ் முழுக்கப் பரவி இருந்தது. "அண்ணே, மெயின் ஆஃப்தானே?" என்று உள்ளே இருந்து சத்தமாகக் கேட்டான். "ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சாவி என் பையில் இருக்கு" என்றேன். "சரி, இருந்தாலும் மீட்டர் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.